கரும்பும் மக்காச்சோளமும் பெட்ரோல் டேங்குக்குள் வருவது எப்படி? சேவுகம்பட்டி வாழைப்பழத்தில் இருக்கிறது பதில்!

திண்டுக்கல் மாவட்டம் வத்தலக்குண்டு பக்கத்தில் இருக்கும் சேவுகம்பட்டி, தை மாதம் வந்தால் டிவி செய்திகளில் இடம்பிடித்துவிடும். சோலைமலை அழகர் பெருமாள் கோயில் விழாவில் கூடை கூடையாக வாழைப்பழம் சூறை விடுவார்கள். அந்த ஊர்க்காரர் பைக்குக்கு பெட்ரோல் போட்டாலும் சரி, சென்னையில் ஒருவர் காருக்குப் போட்டாலும் சரி, இப்போது ஒரு லிட்டரில் 200 மில்லி வரை எத்தனால்தான். தாவரச் சர்க்கரையில் இருந்து வரும் ஆல்கஹால் அது. எப்படி உருவாகிறது என்று புரிய, அந்த வாழைப்பழமே போதும்.

காய், பழம், அப்புறம் புளிச்ச வாடை

வாழைக்காயில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அதனால் இனிக்காது. பழுக்கும்போது உள்ளே இருக்கும் என்சைம்கள் அந்த மாவுச்சத்தைத் துண்டு துண்டாக வெட்டி, குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகளாக மாற்றுகின்றன. இன்னும் சில நாள் அப்படியே விட்டால்? புளிச்ச வாடை அடிக்கும். ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடுகிறது.

ஆலையில் நடப்பதும் இதுதான், அளவுதான் பெரிசு. மக்காச்சோளத்தை அரைத்து, தண்ணீர் விட்டு சூடாக்கி, என்சைம் சேர்த்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். கரும்புக்கு அந்த வேலையே இல்லை, சாறிலேயே சர்க்கரை இருக்கிறது. பிறகு ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்து, காய்ச்சி வடிக்கிறார்கள். எவ்வளவு வடித்தாலும் 95 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். மிச்சத் தண்ணீரை உறிஞ்சி எடுக்க தனியாக ஒரு கட்டம் உண்டு. அதைத் தாண்டி, கிட்டத்தட்ட தண்ணீரே இல்லாத எத்தனால்தான் பெட்ரோலில் கலக்கப்படுகிறது.

100 கிலோ குளுக்கோஸில் இருந்து கணக்குப்படி கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 51 கிலோ எத்தனால். மீதி காற்றோடு போய்விடும்.

பனையேறும் தொழிலாளர்களுக்கு இது பழைய பாடம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு இருந்தால் ஈஸ்ட் வேலை செய்யாது. பழனி பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் இருப்பதற்குக் காரணம் வேறு: அதில் சர்க்கரை அவ்வளவு கெட்டியாக இருப்பதால் ஈஸ்ட் பிழைக்க முடியாது. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகைத் தண்ணீர் விட்டு நீர்க்க வைத்த பிறகே புளிக்க விடுவது இதனால்தான்.

கரும்பா, மக்காச்சோளமா?

2014ல் பெட்ரோலில் எத்தனால் 1.5 சதவீதம்தான். 2022 ஜூனில் 10 சதவீதம். 20 சதவீத இலக்கை 2030ல் எட்டினால் போதும் என்று முதலில் சொல்லியிருந்த மத்திய அரசு, அதை முன்கூட்டியே கொண்டுவந்து 2025லேயே எட்டிவிட்டது. இவ்வளவு எத்தனாலைக் கரும்பால் மட்டும் தர முடியவில்லை. ஒரு டன் கரும்புச் சாறில் சுமார் 70 லிட்டர் கிடைக்கும், ஒரு டன் மக்காச்சோளத்தில் 380 லிட்டர் அளவுக்கு.

மழை குறைந்து சர்க்கரை உற்பத்தி சரியும் என்ற பயத்தில், 2023 டிசம்பரில் கரும்புச் சாறில் எத்தனால் தயாரிக்க மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. 2024 ஆகஸ்டில்தான் அது விலகியது. அந்த இடைவெளியில் மக்காச்சோளம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. விலையும் அதற்குச் சாதகம். 2024-25ல் மக்காச்சோள எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் தந்த விலை லிட்டருக்கு 71.86 ரூபாய். சர்க்கரையை முழுசாக எடுத்த பிறகு மிஞ்சும் கடைசி மொலாசஸில் இருந்து வந்தால் 57.97 ரூபாய்.

திண்டுக்கல் மாவட்டத்தில் மக்காச்சோளம் முக்கியமான மானாவாரிப் பயிர். நல்ல விலை வந்தால் விவசாயிக்கு லாபம். ஆனால் அதே மக்காச்சோளத்தைத்தான் நாமக்கல் கோழிப் பண்ணைகள் தீவனத்துக்கு நம்பியிருக்கின்றன. முட்டை விலையில் இதுவும் ஒரு கணக்கு. மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா, 2024ல் இறக்குமதி செய்ய வேண்டி வந்தது.

பக்கத்து மதுரை மாவட்டத்தில், அலங்காநல்லூர் தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலையின் கதை தலைகீழ். கரும்பு வரத்து குறைந்து அரவை நின்றுபோனது. ஆலையைத் திறக்கக் கேட்டு விவசாயிகள் போராடி வருகிறார்கள். எத்தனாலுக்கு இவ்வளவு கிராக்கி இருக்கும் காலத்தில் இது நடக்கிறது என்பதுதான் வேதனை.

பெட்ரோல் மட்டும் இல்லை

எத்தனாலில் இருந்து தண்ணீரைப் பிரித்தால் எத்திலீன் கிடைக்கும். பிளாஸ்டிக்கின் மூலப்பொருளே அதுதான். பிரேசிலின் பிராஸ்கெம் நிறுவனம் 2010 முதல் கரும்பு எத்தனாலில் பாலித்தீன் தயாரிக்கிறது. நம்ம ஊரில் உத்தராகண்ட் மாநிலம் காசிப்பூரில் இந்தியா கிளைக்கால்ஸ், மொலாசஸ் எத்தனாலில் இருந்து கிளைக்கால் தயாரித்தது. பாலியஸ்டர் துணிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் அது தேவை. ஹரியானாவின் பானிபட்டில் 2022ல் திறக்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலை, வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸை உடைத்து சர்க்கரை எடுக்கிறது. சாப்பாட்டுத் தட்டில் கை வைக்காத வழி, ஆனால் செலவு அதிகம்.

பழைய பைக் வைத்திருப்பவர்களுக்கு

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலப்புக்கு ட்யூன் செய்யப்பட்ட பைக்கில் 20 சதவீதக் கலப்பு ஓடினால் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று 2021ல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. 50 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 48 கொடுக்கும். பழைய வண்டிகளில் ரப்பர் டியூப், கேஸ்கெட் போன்றவற்றை சர்வீஸின்போது பார்க்கச் சொல்வது நல்லது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். மழைக்காலத்தில் டேங்க் மூடி சரியாகப் பொருந்தாமல் தண்ணீர் அதிகமாக இறங்கினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்கு முதலில் போவது அதுதான். வண்டி இழுக்காமல் நின்றால் டேங்கை வடித்துப் பார்க்க வேண்டும்.