நுழைவு நேரக் கட்டுப்பாடு: பங்கீட்டிலிருந்து பணிநேரம் வரை

கணினிக்குள் யார் நுழையலாம் என்பதோடு எப்போது நுழையலாம் என்பதையும் வரையறுக்கும் வழக்கம், கணினி நேரத்துக்குப் பஞ்சம் நிலவிய காலத்தில் பிறந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961 நவம்பரில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு ‘சிடிஎஸ்எஸ்’ என்ற நேரப் பகிர்வு முறையை இயக்கிக் காட்டியது. ஒரே ஐபிஎம் இயந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தியதால், ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று பங்கீடு இருந்தது. அதுவும் பகல், மாலை, நள்ளிரவு, வார இறுதி என்று வேளைவாரியாக. ஆய்வு மாணவர் ஆலன் ஷெருக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 மணி நேரம். அது போதாமல், 1962-ல் அவர் துளை அட்டை ஒன்றில் கோரிக்கை கொடுத்து, எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பையே அச்சிட்டு வாங்கிவிட்டார். பிறகு மற்றவர்கள் கணக்கில் நுழைந்து வேலையைத் தொடர்ந்தார். முதல் கடவுச்சொல் திருட்டு என்று பலமுறை எழுதப்பட்டுவிட்ட இச்சம்பவத்தில் களவு போனது உண்மையில் இயந்திர நேரம்தான்.

1980-களில் கணினி மலிந்தது, மோடமும் வந்தது. தொலைபேசி வழியே யாரும் எந்நேரமும் தட்டிப் பார்க்கலாம் என்றானபின், கட்டுப்பாட்டின் நோக்கம் காவலாக மாறியது. டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தின் ‘விஎம்எஸ்’ இயங்குதளம் வாரத்தை முதன்மை நாள், இரண்டாம் நாள் என்று பிரித்தது. நேரடி முனையம், தொலைபேசி இணைப்பு, வலையமைப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நேரம் குறிக்க இடமளித்தது. பகலில் அலுவலக முனையத்திலிருந்து வருபவருக்கு அனுமதி, இரவில் மோடத்தில் வருபவருக்கு மறுப்பு என்று ஒரே கணக்கிலேயே விதிக்க முடிந்தது.

அலுவலகங்களில் இதைப் பரவலாக்கியவை நாவெல் நெட்வேர், விண்டோஸ் என்டி ஆகிய இயங்குதளங்கள். நெட்வேரில் வாரம் முழுவதும் அரைமணிக் கட்டங்களாகத் திரையில் விரியும்; அனுமதித்த கட்டத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். மொத்தம் 336 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பிட், ஆக 42 பைட். 1993-ல் வந்த விண்டோஸ் என்டி, மணிக்கு ஒரு பிட் என்று 21 பைட்டில் முடித்துக்கொண்டது. அந்தச் சிக்கனம் விண்டோஸ் வலையமைப்பின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியிலும் தொடர்கிறது. நேரம் சேமிக்கப்படுவது உலகப் பொது நேரத்தில். இந்தியாவும் இலங்கையும் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், சென்னையின் காலை 9 மணி உலகப் பொது நேரத்தில் அதிகாலை 3.30. மணிக்கணக்கில் வெட்டிய கட்டத்துக்கு நடுவில் அது விழுகிறது. அரைமணி நேர மண்டலங்களை மனதில் வைத்து வகுத்த வடிவமாக இது தெரியவில்லை.

இந்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை வாசலில் மட்டுமே நிற்கும் காவல். லினக்ஸின் ‘பாம் டைம்’ கூறு நுழையும் கணத்தில் கடிகாரத்தைப் பார்ப்பதோடு சரி. நேரம் முடிந்தபின்னும் உள்ளே இருப்பவரை வெளியேற்றாது. விண்டோஸ் வலையமைப்பிலும் சர்வர் இணைப்பைத் துண்டிக்கத் தனி அமைப்பைப் போட வேண்டும். நாள் முடிவில் முடிய வேண்டிய கணக்கு வேலை பாதியில் அறுந்துபோகும் என்று அஞ்சி, அதைப் போடாமல் விட்ட நிர்வாகிகள் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் நேரத்துக்கும் எல்லை வேண்டும் என்ற கருத்தும் இருந்தது: தகவல் பாதுகாப்புக்கான பிஎஸ் 7799 தரநிலையின் வழிவந்த ஐஎஸ்ஓ 17799, ஆபத்து மிகுந்த பயன்பாடுகளுக்கு இணைப்பு நேர வரம்பைப் பரிந்துரைத்தது.

பின்னர் இதே கருவி ஊழியரின் ஓய்வைக் காக்கவும் எடுக்கப்பட்டது. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் 2011-ல் தொழிலாளர் குழுவோடு உடன்பட்டு, பணி முடிந்து அரைமணி நேரத்துக்குப் பிறகு ஊழியர்களின் பிளாக்பெரி கைபேசிகளுக்கு மின்னஞ்சல் செல்வதை நிறுத்தியது. உயர் மேலாளர்களுக்கு இது பொருந்தவில்லை. 2018-ல் தென்கொரியாவின் சோல் மாநகர நிர்வாகம் வெள்ளி மாலைகளில் அலுவலகக் கணினிகளை அணைக்கத் திட்டமிட்டபோது, ஊழியர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் விலக்குக் கேட்டனர்.