எரிந்த தஞ்சையும் எஞ்சிய வாய்க்காலும்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் செந்தலையில் சுந்தரேசுவரர் கோயில் இருக்கிறது. பூதலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சாமி கும்பிட்டு, விபூதி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மண்டபத்துத் தூண்களை நின்று படிப்பவர் குறைவு. அந்தத் தூண்கள் இந்தக் கோயிலுக்காகச் செதுக்கியவை அல்ல. பக்கத்து ஊரான நியமத்தில் பெரும்பிடுகு முத்தரையன் கட்டிய பிடாரி கோயிலுக்குச் சொந்தமானவை. அந்தக் கோயில் அழிந்துபோக, தூண்கள் இங்கே வந்து சேர்ந்தன. கள்வர் கள்வன், சத்ருகேசரி என்று அவனுடைய பட்டப்பெயர்களும், அவன் வென்ற களங்களின் பெயர்களும், பாச்சில் வேள் நம்பன் முதலான புலவர்கள் அவனைப் பாடிய வெண்பாக்களும் அவற்றில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவனைத் தஞ்சைக்கோன் என்றே அந்தப் பாடல்கள் அழைக்கின்றன.

சோழப் பேரரசின் கதையை இங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம். ஏனென்றால் 8ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் சோழருடையதே அல்ல. சங்க காலத்துக்குப் பிறகு பல நூறு ஆண்டுகள் அவர்கள் உறையூர், பழையாறைப் பக்கம் பெயருக்கு இருந்தார்கள். வடக்கே பல்லவர், தெற்கே பாண்டியர். நடுவில் முத்தரையர் போன்ற குறுநில மன்னர்கள் காற்றடிக்கும் பக்கம் சாய்ந்து பிழைத்தார்கள். சுமார் 850இல் விசயாலயன் தஞ்சையைப் பிடித்தான். முத்தரையரிடமிருந்துதான் பிடித்தான் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. பிடித்த கையோடு நிசும்பசூதனிக்கு ஒரு கோயில் எடுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது.

அடுத்து நடந்தது அடுத்தவர் சண்டையில் கிடைத்த லாபம். சுமார் 880இல் கும்பகோணத்துக்கு அருகே திருப்புறம்பியத்தில் பாண்டியன் வரகுணனும் பல்லவன் அபராஜிதனும் மோதினார்கள். விசயாலயனின் மகன் ஆதித்தன் பல்லவன் பக்கம் நின்றான். பாண்டியன் தோற்றான், பல்லவனின் துணைக்கு வந்த கங்க அரசன் மாண்டான், ஆதித்தன் மட்டும் வளர்ந்தான். சில ஆண்டுகளில் அதே அபராஜிதனை யானை மேலேயே பாய்ந்து கொன்றான் என்று கன்னியாகுமரிக் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. நன்றி என்பது அரசியலில் எந்த நூற்றாண்டிலும் விலை போகாத சரக்குதான்.

கடலுக்கு அப்பால், மெக்சிகோவில் ஆஸ்டெக்குகள் மேலே வந்ததும் ஏறத்தாழ இதே வழியில்தான். 1325இல் ஓர் ஏரித் தீவில் தெனோச்தித்லான் நகரை அமைத்தவர்கள், அஸ்காபொத்சால்கோ என்ற பெரிய ஊருக்குக் கப்பம் கட்டிக்கொண்டு அதற்காகவே போர்களும் செய்தார்கள். 1428இல் அண்டை ஊர்களோடு கூட்டுச் சேர்ந்து அந்த எசமானையே கவிழ்த்தார்கள். பிறகு தாங்களே கப்பம் வாங்கினார்கள். மக்காச்சோளம், பருத்தித் துணி, கொக்கோ எல்லாம் ஏரி நகரத்துக்கு வந்து குவிந்தன.

தஞ்சைக்கு வந்து குவிந்தது நெல். 1010இல் ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்தினான். விமானத்தின் 216 அடி உயரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதன் அடியில், கண் மட்டத்தில் சுற்றிலும் வெட்டப்பட்டிருக்கும் கணக்கைப் படித்தால்தான் அரசு எப்படி ஓடியது என்பது தெரியும். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், வந்த ஊர், குடியிருந்த தெரு எல்லாம் அதில் உண்டு. ஆளுக்கு ஒரு வீடும், ஒரு பங்காக ஆண்டுக்கு 100 கலம் நெல்லும். அவர்களுக்கு மட்டுமே 40,000 கலம் என்று ஆகிறது. அளப்பதற்கு ஆடவல்லான் என்ற மரக்கால். நெல் கொடுக்க வேண்டிய ஊர்களைச் சொல்லும்போது, ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, சேரிகள் ஆகிய இறையிலி நிலங்களைக் கழித்து மீதிக்கு மட்டும் வரி என்று எழுதியிருக்கிறது. கோயிலுக்கு வந்த காசு சும்மா கிடக்கவில்லை. ஊர்ச் சபைகளுக்குக் கடனாகப் போனது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி.

ஈழத்து ஊர்கள் சிலவும் அந்தக் கல் கணக்கில் வருகின்றன. சோழர் பெருமையைப் பேசுகிறவர்கள் அந்த வரியை வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம். அனுராதபுரம் சூறையாடப்பட்டதையும், 1017இல் ஈழ மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பிடிக்கப்பட்டதையும் சிங்கள வரலாற்று நூல்கள் மறக்கவில்லை. 1070இல் விசயபாகு பொலன்னறுவையை மீட்டான். ராஜராஜனின் மகன் ராஜேந்திரனின் கடற்படை 1025இல் கடாரம் வரை போனது உண்மை. அங்கே சோழர் நிலையாக ஆளவில்லை என்பதும் உண்மை.

சரிவு மெதுவாக வந்தது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சம்புவராயர், காடவராயர் போன்ற சிற்றரசர்கள் தங்களுக்குள் தனி ஒப்பந்தங்கள் செய்துகொண்டார்கள். மூன்றாம் குலோத்துங்கன் மதுரை மீது பலமுறை படையெடுத்துப் பாண்டியரை அவமதித்தான். அதற்கு வட்டியோடு பதில் வந்தது. 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் காவிரி நாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குப் பரிசாகத் தரப்பட்ட பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டதாகத் திருவெள்ளறைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. பிறகு சோழனைக் கூப்பிட்டு முடியைத் திருப்பிக் கொடுத்து, ‘சோணாடு வழங்கியருளிய’ என்று தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டான். கொடுத்தது எடுத்ததைவிடப் பெரிய அவமானம். 1231இல் மூன்றாம் ராஜராஜனைச் சொந்தச் சிற்றரசன் கோப்பெருஞ்சிங்கனே சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். போசளப் படை வந்துதான் மீட்டது. 1279க்குப் பிறகு மூன்றாம் ராஜேந்திரனின் பெயர் கல்வெட்டுகளிலிருந்து மறைகிறது.

தெனோச்தித்லான் வீழ்ந்தது 1521 ஆகஸ்ட் 13. ஸ்பானியத் தளபதி கோர்த்தேசோடு வந்தவர்கள் சில நூறு பேர்தான். ஆஸ்டெக்குகளுக்கு அடங்காமல் பகைத்து நின்ற திலாஸ்கலாவினர் ஆயிரக்கணக்கில் அவர்களோடு சேர்ந்தார்கள். முந்தின ஆண்டே பெரியம்மை நகரத்துக்குள் புகுந்துவிட்டது. கோயில் கற்களைப் பெயர்த்து அதே இடத்தில் புது ஊர் எழும்பியது. மதமும் ஆட்சி மொழியும் மாறின. ஆனால் சகாகூன் போன்ற பாதிரியார்கள் பழைய ஆட்களைக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்ததால், அழிந்தது என்ன என்பது ஏட்டில் தங்கியது.

சோழநாட்டில் நடந்தது தலைகீழ். ஜெயித்தவனும் அதே தமிழ், அதே சிவன். அடுத்த வாரமே அதே கோயிலுக்கு நிவந்தம் கொடுத்திருப்பான். உடைப்பு தெரியாததால் மறதி சுலபமாக வந்தது. பெரிய கோயிலைக் கட்டியது யார் என்பதே ஊருக்கு மறந்துபோய், குஷ்டம் நீங்கிய கரிகாலன் கட்டினான் என்று தலபுராணம் பேசியது. கட்டியவன் பெயர் சுவரிலேயே இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. 1886இல் சென்னை மாகாணக் கல்வெட்டு ஆய்வாளராக வந்த ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் அதைப் படித்துப் பதிப்பித்த பிறகே ராஜராஜன் மறுபடி வந்தான். நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ 1930களில் வந்தது. 1950இல் கல்கி பொன்னியின் செல்வனைத் தொடங்கினார். இன்று திரையரங்கில் கைதட்டல் வாங்கும் சோழன் இந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மீட்டெடுக்கப்பட்டவன்.

நீர் மட்டும் மறதிக்கு ஆட்படவில்லை. வீரசோழன், முடிகொண்டான், கீர்த்திமான் ஆறுகளில் இன்றும் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். அரசு ஆவணத்திலும் அவற்றுக்கு அதே பெயர்கள்தான். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை, பூதலூர் வட்டத்துத் தோகூரில் நிற்கிறது. ஆற்று மணலில் கல்லை இறக்கி, களிமண் வைத்து அடித்தளம் போட்ட அந்த முறையைப் பார்த்துத்தான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கற்றுக்கொண்டார். 1836இல் முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. கீழணைக்கு வேண்டிய கல், சோழர் தலைநகராயிருந்த கங்கைகொண்ட சோழபுரத்தின் கோயில் மதிலைப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. ஊர் மக்கள் தடுத்துப் பார்த்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்ற வாக்குறுதி நிறைவேறவே இல்லை.

1934இல் மேட்டூர் அணை முடிந்தபோது கல்லணையிலிருந்து இன்னொரு கால்வாயும் புறப்பட்டது. கல்லணைக் கால்வாய் என்பது அரசுப் பெயர். பூதலூர்க்காரர்களுக்கு அது புது ஆறு. காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் எட்டாத மேட்டு நிலங்களுக்கும், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து வயல்களுக்கும் தண்ணீர் போனது அதன் வழியாகத்தான்.