பழைய ரத்தம், புது ரத்தம்!

நாஞ்சில் நாட்டுக்காரரிடம் மீன் விற்பது லேசுப்பட்ட காரியமில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பார், விரலால் அழுத்திப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். அப்புறம்தான் விலையே பேசுவார். ஆஸ்பத்திரியில் ரத்தப் பையையும் நாம் அதே கண்ணோடு பார்ப்பதுதான் சிக்கல். ‘இருபது நாள் ஃப்ரிட்ஜில கிடந்த ரத்தமா? வேண்டாம் டாக்டர். நம்ம பையனுங்க வெளியே நிக்கிறானுங்க, இப்பவே எடுத்து ஏத்துங்க!’

இந்தப் பயம் நியாயமானதுதானா? நூறு வருடம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள்.

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி தெரியும்தானே? அங்கே பல வருடம் சர்ஜனாக இருந்த ஹோவர்டு சோமர்வெல், 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன மனிதர். அதற்கும் முன்னால், 1916-ல், பிரான்சில் சோம் போர்க்களத்தில் ராணுவ டாக்டர். காயம்பட்டவர்கள் வெட்டவெளியில் ஏக்கர் கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். யாரை முதலில் மேஜைக்குத் தூக்குவது என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கொட்டிப்போன ரத்தத்துக்குப் பதிலாக ஏற்ற, முன்கூட்டியே எடுத்து வைத்த ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. வெளியே எடுத்தால் சில நிமிடத்தில் உறைந்துபோகிற சரக்கு ஆச்சே!

அதே வருடம் நியூயார்க்கில் ரூஸ், டர்னர் என்ற இருவர் ரத்தத்தில் சிட்ரேட்டும் குளுக்கோஸும் கலந்து பார்த்தார்கள். முதலாவது உறையாமல் தடுக்கும். இரண்டாவது, ரத்த அணுவுக்குச் சோறு. மறு வருடமே ஆஸ்வால்டு ராபர்ட்சன் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர் இந்தக் கலவையை பிரான்சுக்குக் கொண்டுபோனார். பாட்டிலில் ரத்தம், சுற்றிலும் ஐஸ், மரத்தூள். இருபத்தாறு நாள் வரை வைத்திருந்து ஏற்றலாம் என்றார். ஆக, ‘பழைய ரத்தம்’ பிறந்ததே உயிரைக் காப்பாற்றத்தான்.

1937-ல் சிகாகோவில் பெர்னார்டு ஃபான்டஸ் இந்தச் சேமிப்பு ஏற்பாட்டுக்கு ‘ப்ளட் பேங்க்’ என்று பெயர் வைத்தார். பி.காம். படித்தவனுக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்! நாங்கள் கல்லூரியில் உருப்போட்ட சரக்குக் கணக்கேதான் ரத்த வங்கியிலும் நடக்கிறது. முதலில் வந்தது முதலில் வெளியே. கலக்கும் திரவத்தைப் பொறுத்து சிவப்பணுவின் ஆயுசு 35 நாள் அல்லது 42 நாள். பழையதை முதலில் கொடுக்காவிட்டால் காலாவதியாகிக் குப்பைக்குப் போகும். யாரோ கை நீட்டிக் கொடுத்த ரத்தம்!

2008-ல்தான் வந்தது வினை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக், இதய ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 6,000 பேரின் பதிவேடுகளைப் புரட்டியது. பதினாலு நாளுக்குட்பட்ட ரத்தம் ஏறியவர்களில் ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் 1.7 சதவீதம். அதைவிடப் பழையது ஏறியவர்களில் 2.8. உலகமே பதறியது. பதறாதா பின்னே? உள்ளே நடப்பதும் பொய்யில்லை. ஃப்ரிட்ஜில் இருக்க இருக்க அணு விறைக்கும், பொட்டாசியம் கசியும், ஆக்சிஜனை இறக்கிவிட உதவும் ஒரு ரசாயனம் இரண்டு வாரத்தில் ஏறக்குறையக் காலியாகும். ஆனால் அது உடம்புக்குள் போன சில நாளில் மீண்டும் ஊறிவிடுகிறது.

பதிவேடு ஒரு மாதிரிச் சாட்சி. எந்த நோயாளிக்கு எந்தப் பை, ஏன் போனது என்பதை முழுசாகச் சொல்லாது. அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டது மாதிரி நோயாளிகளைப் பிரித்துப் பெரிய ஆராய்ச்சிகள் செய்தார்கள். 2016-ல் வெளியானது, நம்ம சரக்குக் கணக்கேதான்! ஒரு பக்கத்துக்கு கையிருப்பில் ஆகப் புதியது, மறு பக்கத்துக்கு ஆகப் பழையது. நாலு நாடுகள், இருபதாயிரம் பேருக்கு மேல். புதியது ஏறியவர்களில் இறந்தவர்கள் 9.1 சதவீதம். பழையது ஏறியவர்களில் 8.7. வித்தியாசமே இல்லை என்றுதான் அர்த்தம். உகாண்டாவில் கடும் ரத்தசோகையோடு வந்த 290 குழந்தைகளிடம் 2015-லேயே இதைப் பார்த்துவிட்டார்கள். பத்து நாளுக்குட்பட்ட ரத்தமும், 25 முதல் 35 நாள் ரத்தமும் ஒரே வேலையைத்தான் செய்தன.

விலக்கு உண்டு. பிறந்த சிசுவுக்கு மொத்த ரத்தத்தையும் மாற்றும்போது, அந்தப் பொட்டாசியத்தை நினைத்து, டாக்டர்களே புதிய பையாகக் கேட்டு வாங்குவார்கள். கடைசி நாட்களை எட்டிய பைகளை மட்டும் தனியாக வைத்துப் பெரிதாகச் சோதித்ததும் இல்லை.

சரி, வெளியே நிற்கிற பையன்கள்? எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று அத்தனை பரிசோதனையும் முடியாமல் அவர்கள் ரத்தம் யாருக்கும் ஏறக் கூடாது, சட்டம். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். பரிசோதனை எல்லாம் முடிந்து இந்த நிமிடம் தயாராக இருப்பது, அந்த இருபது நாள் பை.