தபால் இலாகாவில் ஒரு நாவலாசிரியர்

நாவல் படிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ஆந்தனி டிரோலப்பை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 47 நாவல் எழுதிய மனிதர். அந்த மனிதர் 33 வருஷம் பிரிட்டிஷ் தபால் இலாகாவில் சம்பளம் வாங்கியவர் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

1834-ல், 19-வது வயதில், லண்டன் தலைமைத் தபால் நிலையத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். காலையில் நேரத்துக்கு வரமாட்டார். கடன் கொடுத்தவன் ஆபீஸுக்கே வந்து நிற்பான். இலாகாக் காரியதரிசி கர்னல் மேபர்லிக்கு இந்தப் பிள்ளையைக் கண்டாலே ஆகாது. ஏழு வருஷம் இப்படியே கழிந்தது. 1841-ல் அயர்லாந்தில், யாரும் போக விரும்பாத ஓர் இடம் காலியாயிற்று. டிரோலப் கேட்டார், மேபர்லி விட்டது சனியன் என்று அனுப்பிவைத்தார். சும்மா அனுப்பவில்லை. 'எதற்கும் லாயக்கற்றவன், அநேகமாக வேலையிலிருந்து நீக்க வேண்டியிருக்கும்' என்ற நற்சாட்சியும் கூடவே போயிற்று!

டப்ளினில் இருந்த மேலதிகாரி அதைப் படித்தார். டிரோலப்பிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னார். "ஆனால் நான் உம்மை உம்முடைய வேலையைப் பார்த்துத்தான் மதிப்பிடுவேன்" என்ற கருத்தில் இன்னொரு வார்த்தையும் சொன்னார். அவ்வளவுதான். ஒரே வருஷத்தில் லண்டனின் உதவாக்கரை அயர்லாந்தின் நல்ல உத்தியோகஸ்தர் ஆகிவிட்டார். ஆள் மாறவில்லை, மேலே இருந்தவர்தான் மாறினார்.

பத்து வருஷம் கழித்து இதற்குப் பலன் கிடைத்தது. 1851-ல் ஜெர்ஸி தீவின் தபால் ஏற்பாட்டைச் சீர்படுத்த டிரோலப்பை அனுப்பினார்கள். செயின்ட் ஹீலியர் நகரத்தில் ஒரு கடிதம் போட வேண்டுமானால் தலைமைத் தபால் நிலையத்துக்கே நடக்க வேண்டும். பிரான்ஸில் சாலையோரத்தில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்திருப்பதை அவர் அறிந்திருந்தார். அதையே இங்கும் செய்து பார்க்கலாமே என்று மேற்கு வட்டாரத்துச் சர்வேயருக்கு எழுதினார். யோசனை மேலே போயிற்று. குப்பைக் கூடைக்குப் போகவில்லை. 1852 நவம்பரில் அந்த நகரத்தில் நான்கு இரும்புத் தூண்கள் முளைத்தன. 1855-ல் லண்டன் வீதிக்கும் தூண்பெட்டி வந்துவிட்டது.

இலாகாவில் ரௌலண்ட் ஹில் என்ற மற்றொரு மனிதரும் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார், தபால் உத்தியோகமே பார்த்திராதவர். தூரத்தைக் கணக்குப் பார்க்காமல் கடிதத்துக்கு ஒரு பென்னி வாங்கினால் போதும் என்று 1837-ல் எழுதினார். மேபர்லி எதிர்த்தார். ஆனாலும் 1840-ல் திட்டம் வந்தது. முந்தைய வருஷம் ஏழரைக் கோடியாக இருந்த கடிதங்கள் ஒரே வருஷத்தில் 16 கோடியைத் தாண்டின. 1854-ல் மேபர்லியின் நாற்காலியில் ஹில்லே உட்கார்ந்தார்.

இனி டிரோலப்புக்கு நல்ல காலம் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. மனிதர்களை நடத்தத் தெரியாதவர் ஹில் என்பது டிரோலப்பின் அபிப்பிராயம். அவரோடு மாறுபடுவதே தமக்குச் சந்தோஷம் என்று சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். யோசனை சொல்லிக் கதவைத் தட்டியவர், கதவுக்கு உள்ளே வந்ததும் பிறர் தட்டுவதைப் பொறுக்கமாட்டார் போலும்.

டிரோலப் மட்டும் சளைத்தவரா? 1864-ல் ஹில் ஓய்வு பெற்றதும், இலாகாவின் இரண்டாவது பதவிக்கு அவர் விண்ணப்பித்தார். அது அவருக்கு இளையவரான ஸ்கடமோருக்குப் போயிற்று. 1861-ல் தபால் சேமிப்பு வங்கியை உருவாக்குவதில் முன்நின்றவர் ஸ்கடமோர். மூப்புப்படிதான் பதவி உயர்வு தர வேண்டும், திறமையைப் பார்த்து அல்ல என்று வாதாடிவந்த டிரோலப், 1867-ல் பென்ஷனையும் உதறிவிட்டு ராஜிநாமா எழுதிக் கொடுத்தார். டப்ளினில் தம்முடைய வேலையைப் பார்த்து மதிப்பிட்டவரை அப்போது நினைத்துக்கொண்டாரோ என்னவோ!