உற்பத்தித்திறன் அளவீடும் பவானி ஜமக்காள நெசவும்

கைத்தறி நெசவு உற்பத்தித்திறன் குறைந்த தொழில் என்ற கருத்து பொருளியல் எழுத்துகளில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. அம்முடிவு எந்த அளவுகோலால் பெறப்படுகிறது என்பதைப் பவானி ஜமக்காள நெசவை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்திய ஆலைத் தொழில்களின் உற்பத்தித்திறன் 1980களில் திரும்புமுனை கண்டது என்று இஷர் ஜட்ஜ் அலுவாலியா 1991இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். புலாப்ரே பாலகிருஷ்ணனும் கே. புஷ்பாங்கதனும் 1994இல் இதனை மறுத்தனர். மதிப்புக்கூட்டு என்பது விளைபொருளின் மதிப்பிலிருந்து மூலப்பொருளின் மதிப்பைக் கழித்துப் பெறுவது. அதனை விளைபொருள் விலைக் குறியீட்டால் மட்டும் திருத்தினால், மூலப்பொருள் விலையின் தனிப்போக்கு உற்பத்தித்திறன் மாற்றமாகத் தோற்றமளிக்கும். இரண்டையும் தனித்தனிக் குறியீடுகளால் திருத்தியபோது அத்திரும்புமுனை மறைந்தது.

ஆலைகளைப் பற்றிய இவ்விவாதம் தறிக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டாக, ஒரு ஜமக்காளத்தின் விலை 1,000 ரூபாய், அதற்கான நூலின் விலை 600 ரூபாய் எனக் கொள்வோம். மதிப்புக்கூட்டு 400 ரூபாய். நூல் விலை மட்டும் 700 ரூபாயாக உயர்ந்தால் அது 300 ரூபாயாகிறது. நெய்த அளவும் உழைத்த நேரமும் மாறவில்லை. ஆயினும் ஏட்டில் உற்பத்தித்திறன் 25 விழுக்காடு வீழ்கிறது. சந்தையின் ஏற்றத்தாழ்வு நெசவாளரின் திறன்குறைவாகப் பதிவாகிறது.

வகுக்கும் எண்ணிலும் இடர்ப்பாடு உண்டு. அகலமான ஜமக்காளத்தை இருவர் அருகருகே அமர்ந்து நெய்வர். நூல் சுற்றும் பணியை வீட்டார் செய்வர். ஆகவே தறிக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு, உழைத்த மணிக்கு எவ்வளவு என்னும் மூன்று கணக்குகளும் மூன்று வெவ்வேறு விடைகளைத் தரும். மேலும், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் வரம்பை ஒட்டியே தொழிற்சாலைகளின் ஆண்டு ஆய்வு அமைந்தமையால், வீட்டுத்தறிகள் அதில் இடம்பெறவில்லை. 1987-88 முதல் நடைபெற்ற கைத்தறிக் கணக்கெடுப்புகள் தறிகளையும் நெசவாளர்களையும் எண்ணின. எனினும் தலைகளை எண்ணுவது உழைப்பு நேரத்தை அளப்பதாகாது.

கைத்தறிக்கென 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒதுக்கப்பட்ட பொருள்களுள் ஜமக்காளமும் ஒன்று. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இப்பாதுகாப்புகள் தேவையா என்னும் வினா எழும்போதெல்லாம் உற்பத்தித்திறன் எண்களே சான்றாக முன்வைக்கப்படுகின்றன. நூல் விலையைத் தனியே திருத்தி, வீட்டார் உழைப்பையும் மணிக்கணக்கில் சேர்த்த பின்னரே அவ்வெண்கள் சான்றாகும் தகுதி பெறும்.