புலாவ் செம்பிலான்: பேராக் கடலில் ஆளில்லா ஒன்பது தீவுகள்

லுமுட் படகுத்துறையிலிருந்து பங்கோர் போய் வராத பேராக் தமிழர் குறைவு. அந்தப் பங்கோருக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் கிடக்கும் புலாவ் செம்பிலானை அறிந்தவர்கள் பெரும்பாலும் மீனவர்களும் தூண்டில்காரர்களும்தான். 'செம்பிலான்' என்றால் மலாயில் ஒன்பது. நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ரும்பியா, லாலாங், சாகா, பூலோ, நிப்பிஸ், பாயோங், ஆகாஸ் என ஏழு தீவுகள். கறுப்புப் பாறை, வெள்ளைப் பாறை இரண்டையும் சேர்த்தால்தான் கணக்கு ஒன்பதாகும். பெயர்களில் பாதி தோட்டத்து ஆட்களுக்குப் பழக்கமானவை: ரும்பியா சவ்வரிசி மரம், பூலோ மூங்கில், சாகா மஞ்சாடி, பாயோங் குடை. லாலாங், ரப்பர் நிரைகளில் வெட்ட வெட்ட முளைத்த அதே புல். ஆகாஸ் என்பது கடிக்கும் சிறு பூச்சி. அங்கே இரவு தங்க நினைப்பவர்கள் அதைக் கவனத்தில் கொள்ளலாம்.

இத்தீவுகளைப் பற்றிய பழைய குறிப்பு சீனத்திலிருந்து வருகிறது. தளபதி செங் ஹோவின் கப்பல்களில் பயணம் செய்த ஃபெய் சின், 'ஒன்பது தீவு மலை'யில் 1409ஆம் ஆண்டு வீரர்களை இறக்கி வாசனை மரம் வெட்டியதாக எழுதியுள்ளார். அது இத்தீவுக்கூட்டமே என்பது ஆய்வாளர்கள் கருத்து. கிடைத்தவை ஆறு மரங்கள். அவர் தரும் அளவுப்படி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 மீட்டர் நீளம். அளவைக் கொஞ்சம் குறைத்தே நம்பலாம். ஆனாலும் இன்று கஹாரு எனப்படும் அகிலுக்கு அன்றே இருந்த மதிப்பு தெரிகிறது.

ஆள் வாழாத தீவு என்றாலும் அரசியல் அதை விடவில்லை. கடற்கொள்ளையரை ஒடுக்குவதற்கென்று 1826 அக்டோபரில் கேப்டன் ஜேம்ஸ் லோ செய்த உடன்படிக்கையில், பேராக் சுல்தான் பங்கோரையும் செம்பிலான் தீவுகளையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கம்பெனி உடனே வந்து உட்காரவில்லை. 1874 ஜனவரி 20இல் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தம்தான் எல்லையைத் திருத்தி, டிண்டிங்ஸ் பகுதியை நீரிணைக் குடியேற்றத்தோடு உறுதியாகச் சேர்த்தது. பேராக்கின் கண்ணெதிரே இருந்த லுமுட்டும் பங்கோரும் இதனால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பேராக்குக்குச் சொந்தமில்லாமல் கிடந்தன. 1935இல்தான் அவை திரும்பக் கிடைத்தன.

அந்தக் காலத்தில் நாகப்பட்டினம், சென்னையிலிருந்து வந்த கப்பல்கள் பினாங்கில் ஒரு பகுதியினரை இறக்கிவிட்டு, பேராக் கரைக்கு அப்பாலுள்ள இந்தக் கடல் வழியேதான் போர்ட் சுவெட்டன்ஹாமுக்குச் சென்றன.

அண்மைக் காலத்தில் இத்தீவுகளின் பெயர் அடிபட்டது 'நீலக் கண்ணீரால்'. நுண்ணிய கடலுயிர்கள் அலை அசைக்கும்போது நீல ஒளி விடுகின்றன. நிலவில்லாத இரவில் அது கரையோரம் தெளிவாகத் தெரியும். எல்லா இரவிலும் கிடைக்கும் காட்சியல்ல. போக நினைப்பவர்கள் அனுமதி உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. தென்மேற்குப் பருவத்தில் விடியலுக்கு முன் திடீரென்று அடிக்கும் சுமத்ரா காற்றைப் படகோட்டிகளே அஞ்சுவார்கள். ஒதுங்குவதற்கு அங்கே வீடோ கடையோ கிடையாது.