இனக் கணக்கும் எண் கணக்கும்



பாரம் நிரப்பும்போது 'இனம்' என்று ஒரு கட்டம் வருகிறதல்லவா? அந்தக் கட்டத்துக்கும் சரித்திரம் உண்டு.

1871-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் ஜனத்தொகைக் கணக்கெடுத்த வெள்ளைக்காரர்கள் நம் முன்னோரைக் 'கிளிங்' என்று எழுதினார்கள். 1881-இல் 'தமிழர்' ஆனோம். 1891-இல் 'தமிழரும் மற்ற இந்தியச் சுதேசிகளும்'. அப்போது நம் கெடா சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. 1909 ஒப்பந்தத்தில்தான் பிரிட்டிஷ் பக்கம் வந்தது. கெடாவையும் சேர்த்து மலாயா முழுமைக்கும் ஒரே கணக்காக எடுத்தது 1921-இல். அதற்குள் 'இந்தியர்' என்ற பெரிய பெட்டி வந்துவிட்டது. தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லாரும் அதற்குள் அடக்கம். 1931 கணக்கை நடத்திய வ்லீலண்ட் துரையே, இனம் என்பதற்குத் திட்டமான இலக்கணம் சொல்வது சிரமம் என்று அறிக்கையில் ஒப்புக்கொண்டார்.

சரி, பெட்டி வந்தாயிற்று. அதை எண்ணாக்குவது எப்படி?

ஒன்று கூடினால் மற்றொன்று எவ்வளவு கூடும் என்று பார்ப்பதற்குத் தொடர்புப் போக்குக் கணக்கு என்று பெயர். பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் 1886-இல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் வைத்து அதை எழுதினார். உயரத்தை அளக்கலாம், இனத்தை எந்தக் கோலால் அளப்பது? மலாய்க்காரர் 1, சீனர் 2, இந்தியர் 3 என்று போட்டால், 3 என்பது 1-இன் மூன்று மடங்கு என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். லயத்தில் 12-ஆம் நம்பர் வீடு, 6-ஆம் நம்பர் வீட்டைப் போல இரண்டு மடங்கா என்ன?

நாம் சுதந்திரம் பெற்ற அதே 1957-இல், டேனியல் சூட்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் இதற்குள்ள வழியை ஒரு கட்டுரையில் விளக்கினார். பெட்டிக்கு ஒரு பத்தி. அதைச் சேர்ந்தவருக்கு 1, சேராதவருக்கு 0. செக்ரோலில் வந்தவருக்கு ஒன்று, வராதவருக்குச் சைபர் போடுகிற மாதிரிதான். மூன்று இனத்தாரை மட்டும் எடுத்தால் இரண்டு பத்தி போதும். இரண்டிலும் 0 வாங்கியவர் மூன்றாமவர் என்று தெரிந்துவிடும். விட்டுவைத்த அந்த இனமே அளவுகோல். மற்றவர்களுக்கு வரும் விடையெல்லாம் 'அவர்களைவிட இவ்வளவு கூட, இவ்வளவு குறைவு' என்பதுதான்.

இதிலே நமக்கு ஒரு காரியம் இருக்கிறது. 'இந்தியர்' பத்தியில் சுங்கைப்பட்டாணிக் கடைக்காரர் மகனுக்கும் 1, தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் மகளுக்கும் 1. இப்படி வந்த ஓர் எண்ணைக் காட்டி, "இந்தியப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்று பேசுகிறவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்குக் கோபம்தான் வரும். தோட்டம் 1, பட்டணம் 0 என்று இன்னொரு பத்தியும், வீட்டு வருமானத்துக்கு ஒரு பத்தியும் சேர்க்கச் சொல்லுங்கள். இனத்தின் பேரில் எழுதிய குறையில் எவ்வளவு லயத்துக்குச் சேர வேண்டியது, எவ்வளவு சம்பளத்துக்குச் சேர வேண்டியது என்று பிரிந்து வரும். அதற்கப்புறமும் ஏதாவது மிஞ்சினால், அதைப்பற்றிப் பேசலாம்.